எங்கிருந்து அளக்கிறது?



நவரை அறுப்பு முடிஞ்சு களம் காலியாகிவிட்டது. சொர்ணவாரிக்கு நடுவில் கிடைக்கிற இந்தச் சில நாட்களில்தான் எனக்கு உட்கார்ந்து எழுத நேரம். இந்த முறை நெல்லைப் பற்றி இல்லை. எங்க குடும்பத்துப் பையன் ஒருத்தன் வேலைக்குப் போன கதை. பையன் பட்டணத்தில் வளர்ந்தவன், வேலையும் தொழிற்சாலை வேலை. ஆனால் அந்த வேலையின் அடிப்படை எங்க ஊர் வரப்பு ஓரத்திலேயே நட்டு வெச்சிருக்கு என்று புரிந்தபோது, இதை இங்கே எழுதணும் என்று தோன்றியது. பிள்ளைங்க டிப்ளமோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிற வீடுகள் நிறைய. அவங்களுக்குப் பயன்படலாம்.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது எர்ணாவூரில். நாங்க பொன்னேரிப் பக்கம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம் எல்லாம் தாண்டி விம்கோ நகரில் இறங்கணும். சம்பா அறுப்பு முடிஞ்சதும் ஒரு அரிசி மூட்டையோடு அங்கே போய் இறங்குறது எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தண்டவாளம், நடுவில் ராத்திரி பகல் பார்க்காமல் கண்டெய்னர் லாரி. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனால் சாயந்திரம் காலரில் கறுப்பு படிந்திருக்கும்.

எங்க அப்பா காலத்தில் எர்ணாவூரில் பொண்ணு கொடுக்கிறது என்றால் பெருமை. மாப்பிள்ளை "கம்பெனி ஆள்" என்று அர்த்தம். 1948ல் தொடங்கின அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வந்தது, அதுதான் 1955ல் அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. டயர், தீப்பெட்டி, சாணைக்கல், வார்ப்படம் என்று எல்லாத்துக்கும் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிகளை நம்பிப் பக்கத்துத் தெருக்களில் சின்னச் சின்ன லேத் பட்டறைகள். எங்க மாமாவும் அப்படி ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். பிறகு அது மூடிப்போச்சு. கைக்கு வந்த பணம் பொண்ணு கல்யாணத்துக்குச் சரியாப்போச்சு. இப்போ ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன்.

இவ்வளவும் சொல்றதுக்குக் காரணம், அவங்க வீட்டில் "கம்பெனி வேலை" என்ற வார்த்தை நம்பிக்கையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருஷம் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, இவன் என்னவோ சிஎம்எம்னு ஒரு கோர்ஸ் சொல்றான்டா. நாப்பத்தஞ்சு நாளாம். அறுபதாயிரம் கேக்கறாங்க. கட்டிட்டா வேலை கேரண்டியாம். பாதி நீ குடு, மீதிக்கு என் வளையலை வெச்சிடறேன்."

சம்பா நெல் வித்த பணம் கையில் இருந்தது. ஆனால் விதை வாங்கும்போதுகூட முளைப்புத் திறன் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிட்டு வர மாட்டோம். அறுபதாயிரத்தைக் கட்டுவதற்கு முன்னால், அந்த வேலையை உண்மையிலே செஞ்ச ஆள் ஒருத்தரைப் பார்த்துப் பேசிடுவோம் என்று சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

மாமா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர். மாமா வேலை பார்த்த கம்பெனியிலேயே இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். விஷயத்தைச் சொன்னோம். அவர் உள்ளே போய் ஒரு இரும்புத் தட்டையும் ஒரு வெர்னியரையும் எடுத்துவந்து பையன் கையில் கொடுத்தார். தட்டில் நாலு ஓட்டை.

"இந்த ஓட்டை எங்க கீதுன்னு சொல்லு."

பையன் வெர்னியரை வெச்சுப் பார்த்துக் கணக்குப் போட்டு, "நாப்பது மில்லிமீட்டர் சார்" என்றான்.

"எங்கேர்ந்து?"

"ஓரத்துலேர்ந்து சார்."

"எந்த ஓரம்? ஒரு ஓரம் மில்லிங் பண்ணி மழமழன்னு கீது. இன்னொன்னு கேஸ் கட்டிங் பண்ண ஓரம், பல்லு பல்லா கீது. அதுலேர்ந்து அளந்தா ஒவ்வொரு தபாவும் ஒரு அளவு வரும். படத்துல எந்த ஓரத்தப் புடிக்கச் சொல்லிக்கீறான்னு கேட்டியா?"

பையன் பேசவில்லை. பெரியவர் சிரித்தார். "மிஷின ஓட்டறது பத்து நாள்ல வந்துரும்பா. எங்கேர்ந்து அளக்கறதுன்னு தெரியத்தான் வருசம் ஆவும்."

எனக்கு அந்த நிமிஷம் எங்க ஊர் சர்வேயர் ஞாபகம் வந்தது. ஊரில் வரப்புத் தகராறு வந்தால் அவர் புல வரைபடத்தோடு வருவார். எஃப்எம்பி என்று நாங்க சொல்றது அதுதான். அதில் கல்லுக்குக் கல் கோடு போட்டிருக்கும். கோட்டில் எத்தனை மீட்டர் வந்து, குறுக்கே எத்தனை மீட்டர் தள்ளினால் வரப்பு வளையுது என்று எழுதியிருக்கும். அவர் வந்ததும் சங்கிலியைப் பிரிக்க மாட்டார். "கல் எங்க?" என்றுதான் கேட்பார். கல் கிடைக்காமல் அளக்கிற அளவுக்கு அர்த்தம் இல்லை. ஒரு தடவை எங்க ஊரில் ஒருத்தர் அந்தக் கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டிருந்தார். ரெண்டு குடும்பம் மூணு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நிலம் அப்படியேதான் இருந்தது. எங்கிருந்து அளக்கிறது என்பதுதான் தொலைந்துபோச்சு.

பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ டிராயிங்ல கட்டம் போட்டு ஏ, பி, சின்னு எழுதியிருக்குமே மாமா, அது சர்வே கல்லா?" என்றான். அதேதான். அவங்க பாஷையில் அதற்கு டேட்டம் என்று பேர்.

சிஎம்எம் என்றால் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின். பெரிய கருங்கல் மேடை. அதன் மேல் பாலம் மாதிரி ஒரு அமைப்பு. நீளம், அகலம், உயரம் என்று மூணு திசையிலும் காற்றுப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பாலத்திலிருந்து ஒரு குச்சி தொங்கும், அதன் நுனியில் சின்னதாக ஒரு மாணிக்கக் குண்டு. அந்தக் குண்டு பொருளைத் தொட்ட கணத்தில், மூணு திசையிலும் தான் எங்கே இருக்கிறேன் என்று மெஷின் குறித்துக்கொள்ளும். தொட்டாச்சிணுங்கிச் செடி மாதிரிதான். 1950களில் ஸ்காட்லாந்தில் ஃபெராண்டி கம்பெனிக்காரங்க இந்த வகை மெஷினைக் கொண்டுவந்தாங்க. தொட்டதும் சிக்னல் கொடுக்கிற அந்த முனையை 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் டேவிட் மெக்மர்ட்ரி. கான்கார்ட் விமான எஞ்சினின் மெல்லிசான குழாய்களை நசுக்காமல் அளக்க வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தது. அதை வெச்சு 1973ல் ரெனிஷா என்ற கம்பெனியே உருவானது.

மெஷினுக்குக் கொடுக்கிறது வெறும் புள்ளிகள்தான். இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு தளம், இதைச் சேர்த்தால் ஒரு வட்டம், இந்த வட்டத்தின் மையம் அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கிற ஆள்தான் புரோகிராமர். எதை, எந்த வரிசையில், எங்கே தொடணும், எங்கிருந்து அளக்கணும் என்று முடிவு பண்ணி மெஷினுக்குச் சொல்லித் தர வேலை.

பெரியவர் அன்னைக்கு இன்னொரு பாடமும் எடுத்தார். ஒரு தீப்பெட்டியை மேஜையில் வெச்சார். விம்கோ நகருக்குப் பேரே தீப்பெட்டிக் கம்பெனியால் வந்ததுதானே. "இது ஆடாம, திரும்பாம, நகராம நிக்கணும். எத்தினி எடத்துல தொடணும்?" அடியில் மூணு புள்ளி. முக்காலி ஆடாது பாருங்க, அதே கணக்கு. அப்புறம் நீளவாக்குப் பக்கத்தில் ரெண்டு புள்ளி, இனி திரும்பாது. முனையில் ஒரு புள்ளி, இனி நகராது. மொத்தம் ஆறு. இதுக்கு 3-2-1 அலைன்மென்ட் என்று பேர். எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் முதல் வேலை இதுதான் என்றார். பையன் வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா தீப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

அறுபதாயிரம் கட்டவில்லை. அக்காவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். பெரியவர் சொல்லிவிட்ட ஒரு ஆள் மூலமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் லைன் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தான். சம்பளம் டெலிவரியில் கிடைத்ததைவிடக் குறைவு. எர்ணாவூரிலிருந்து மணலி, மாதவரம் வழியாக பஸ் மாறி மாறிப் போகணும். சாப்பாட்டு டப்பாவோடு விடியற்காலையில் கிளம்புவான். "டிப்ளமோ படிச்சவனை வெர்னியரைப் புடிச்சிக்கினு நிக்க வெச்சிட்டியேடா" என்று அக்கா போனில் குறைபட்டுக்கொண்டாள்.

ஆனால் அந்த ஒண்ணரை வருஷம்தான் அவனுக்கு நாற்றங்கால். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், சர்ஃபேஸ் பிளேட், டயல் எல்லாம் கையோடு ஒட்டிப்போச்சு. லேத்தில் மூணு தாடை சக்கில் இறுக்கிப் பிடித்துக் கடைந்த வளையம், கழற்றினதும் லேசாக மூணு பக்கம் உப்பிக்கொள்ளும் என்று அங்கேதான் பார்த்தான். அந்த வளையத்தை வெர்னியரில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஆனால் அது வட்டம் இல்லை.

இதை ஊருக்கு வந்தப்போ கிணற்றடியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான். "மாமா, நேர்கோட்டுல இல்லாம எங்க வேணா மூணு முளைக்குச்சி அடி. மூணையும் தொட்டுக்கினு போற மாதிரி ஒரு வட்டம் கண்டிப்பா போடலாம். அதனால மூணு புள்ளி மட்டும் தொட்டா, எந்தக் கோணல் ஓட்டையையும் மிஷின் சுத்த வட்டம்னுதான் சொல்லும். நாலாவது குச்சி அடிச்சாத்தான் குட்டு வெளிப்படும்." கோர்ஸில் இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவன் கோணல் வளையத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவன். அதனால் பிறகு புரோகிராம் எழுதும்போது, ஓட்டைக்கு எத்தனை புள்ளி வைக்கணும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதே பட்டறையில் ஓரமாகக் கண்ணாடி அறைக்குள் ஒரு சிஎம்எம் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் அங்கே போய் நிற்பான். மெஷின் துடைப்பான், பாகங்களை அடுக்கித் தருவான். அந்த அறை எப்பவும் 20 டிகிரி. எர்ணாவூர்ப் பையன், மே மாசத்தில் ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஏன் 20 டிகிரி? நீள அளவுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை அது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அலுமினியம் எஃகைப்போல ரெண்டு மடங்கு நீளும். 35 டிகிரி வெயிலில் கிடந்த அரை மீட்டர் அலுமினியப் பாகத்தை அப்படியே எடுத்துவந்து அளந்தால் 170 மைக்ரான் தப்பாகக் காட்டும். அதனால் பாகத்தை ராத்திரி முழுக்க அந்த அறையிலேயே ஊற வைப்பாங்களாம். "ஊற வைக்கிறது" என்றுதான் அவன் சொன்னான். விதைநெல்லுக்குச் சொல்ற அதே வார்த்தை.

இந்தக் கவலை சென்னைக்குப் புதிது இல்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். இந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே அங்கிருந்துதான் தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலி. அது வெயிலில் நீளும் என்று தெரிந்து, மரப்பெட்டிக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வெச்சுக் கணக்கைத் திருத்திக்கொண்டே போனாங்க. கல்லும் வேணும், நிழலும் வேணும். இருநூறு வருஷம் ஆகியும் கணக்கு அதேதான்.

ஒரு நாள் மெஷின் ஓட்டுகிறவர் லீவு போட்டார். அன்னைக்குத்தான் இவனுக்கு ஜாய்ஸ்டிக் கையில் கிடைத்தது. முதல் ஆறு மாசம் அடுத்தவங்க எழுதின புரோகிராமை ஓட்டினான். காலையில் அளவு தெரிஞ்ச ஒரு உருண்டையைத் தொட்டு, மாணிக்கக் குண்டின் அளவை மெஷினுக்குச் சொல்லணும். பாகத்தைத் துடைக்கணும், ஃபிக்ஸரில் வளையாமல் பிடிக்கணும். பிறகுதான் சொந்தமாகச் சின்னச் சின்ன புரோகிராம். புரோகிராம் என்றதும் ராத்திரி பகலாகக் கோடு அடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீங்க. பாதி நேரம் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிறதுதான். பாகத்தின் கம்ப்யூட்டர் மாடல் இருந்தால் மெஷின் பக்கமே போகாமல் சீட்டில் உட்கார்ந்து முழுசாக எழுதி முடிக்கலாம். ஆனால் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது குச்சி எவ்வளவு உயரத் தூக்கிக்கொண்டு போகணும் என்பதில் அசந்தால், நேராகப் போய் இடித்துவிடும். அதனால் புது புரோகிராமை முதல் தடவை ரொம்ப மெதுவாக, கை எமர்ஜென்சி பட்டன் மேலேயே இருக்க ஓட்டுவானாம். புது மாட்டை முதல் தடவை ஏரில் பூட்டுகிற மாதிரி.

இப்போ அந்த ராத்திரிக்கு வர்றேன்.

பதினோரு மணி இருக்கும். போன் அடித்தது. அந்த நேரத்தில் அக்கா வீட்டிலிருந்து போன் என்றாலே வயிற்றைக் கலக்கும். பையன்தான் பேசினான், குரல் தாழ்ந்திருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கையெழுத்துப் போடவா வேணாமா?"

அலுமினிய ஹவுசிங், ஒரு லாட் அனுப்ப வேண்டியிருக்கு. வண்டி வெளியே நிக்குது. நாலு ஓட்டையும் டிராயிங்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து எல்லையைத் தாண்டித் தள்ளியிருக்கு. பாகத்தை இறக்கித் துடைத்து மறுபடி வெச்சு அளந்தான். குண்டைச் சரிபார்த்தான். வேற பாகம் எடுத்து அளந்தான். அதே கணக்கு. சூப்பர்வைசர் வந்தார். "நாலு ஓட்டைக்குள்ள ஒண்ணுக்கொண்ணு தூரம் சரியாத்தானே இருக்கு? டேட்டத்தை விடு. அந்த ஓட்டைங்களையே வெச்சு பெஸ்ட்-ஃபிட் போட்டு ரிப்போர்ட் எடு" என்றார்.

அவன் விளக்கினதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாலு ஓட்டையும் சேர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்திருக்கு. கல்லிலிருந்து அளந்தால் தப்பு. கல்லை மறந்துவிட்டு ஒண்ணையொண்ணு பார்த்து அளந்தால் எல்லாம் பச்சை விளக்கு. எங்க ஊர்ப் பாஷையில் சொன்னால், வரப்பைச் சரியாக்குவதற்குக் கல்லை நகர்த்துறது. மெஷின் பொய் சொல்லாது. ஒவ்வொரு எண்ணும் உண்மையாகவே இருக்கும். கேட்ட கேள்விதான் பொய்.

வேலை போய்விடும் என்கிற பயம் அவன் குரலில் தெரிந்தது. எனக்கும் இருந்தது. அந்த வீட்டில் மாசாமாசம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கடன் அடையுது. போடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு வீரம் பேசலாம். அவன் அங்கே தனியாக நிக்கிறான்.

அதனால் அவனுக்கு ஒரு பழைய சம்பவத்தைத்தான் ஞாபகப்படுத்தினேன். ஒரு வருஷம் நெல் எடுக்க வந்த ஒரு வியாபாரி ஈரப்பதம் பார்க்கிற மீட்டரோடு வந்தார். 17 சதவீதம்தான் வழக்கமான எல்லை. மேலே இருந்த மூட்டைகளில் 16 காட்டியது. அவர் விடாமல், தரையோடு ஒட்டிக்கிடந்த மூட்டையின் அடியில் குத்தி எடுத்துப் போட்டார். 19. மொத்த நெல்லுக்கும் அந்த 19தான் கணக்கு என்று விலையைக் குறைத்தார். நாலு மாசம் வயலில் கிடந்தது ஒரு பிடி நெல்லில் போச்சு. இந்தப் பையன் அன்னைக்குச் சின்னவன், பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்தான், பக்கத்தில் நின்று பார்த்தான்.

"அன்னிக்கு மீட்டர் பொய் சொல்லலடா. எங்கேர்ந்து எடுத்தார்னுதான் விஷயம். நீ இப்ப மீட்டர் புடிச்சிருக்கிற பக்கம் நிக்கறே. அப்புறம் உன் இஷ்டம். வேலை போனா ஊருக்கு வா, சோறு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன்.

டிராயிங்கில் இருந்தபடியே டேட்டம் வெச்சு ரிப்போர்ட் எடுத்து, ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜையில் வெச்சுவிட்டு வந்தானாம். பெஸ்ட்-ஃபிட் ரிப்போர்ட் அவன் போடவில்லை. அந்த லாட் அன்னைக்கு ராத்திரியே வேறொருத்தர் கையெழுத்தில் போயாச்சு. அதற்கப்புறம் அது என்ன ஆச்சு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து இவனை ஸ்டோரில் போல்ட் எண்ணுகிற வேலைக்கு மாத்திவிட்டாங்க. மூணு வாரம் எண்ணினான். சம்பளம் குறையவில்லை, ஆனால் பையன் வாடிப்போனான். நாலாவது வாரம் புதுசாக ஒரு பாகம் வந்தது. சாய்வான முகத்தில் ஓட்டை, மூணு டேட்டம், சிக்கலான டிராயிங். புரோகிராம் எழுத ஆள் இல்லை. திரும்பக் கூப்பிட்டாங்க. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, இவனும் எதிர்பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தான். ஒரு வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு மாறிவிட்டான். அங்கே இன்டர்வியூவில் ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, "எங்கிருந்து ஆரம்பிப்பே?" என்றுதான் கேட்டாங்களாம். மூணு வருஷத்துக்கு முன்னால் இரும்புத் தட்டோடு பெரியவர் கேட்ட அதே கேள்வி.

இந்த வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவங்களுக்கு, அவன் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

முதலில் டிராயிங். அதில் இருக்கிற கட்டங்களும் குறிகளும் ஒரு தனி பாஷை. ஜிடி அண்ட் டி என்று சொல்வாங்க. ஐஎஸ்ஓ 1101, ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்று ரெண்டு பெரிய மரபு. எந்த மரபில் டிராயிங் போட்டிருக்கு என்று பார்க்கவே முதலில் பழகணும். ஒரு ஓட்டை எவ்வளவு தள்ளலாம் என்பதைச் சதுரமாக இல்லாமல் வட்டமாக யோசிக்கச் சொல்லித் தந்தவர் ஸ்டான்லி பார்க்கர், ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் இருந்தவர். இந்தப் பாஷை தெரியாமல் மெஷின் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது, கையால் அளக்கிறது. ஒரு வருஷமாவது வெர்னியரும் ஹைட் கேஜும் பிடிக்கணும். பாகம் எப்படிச் செய்யப்படுது என்று லேத், மில்லிங் பக்கத்தில் நின்று பார்க்கணும். எங்கே தப்பு வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் எங்கே தொடணும் என்று தெரியும்.

மூணாவது, பள்ளிக்கூடக் கணக்கு. ஆயத்தொலைவு, சைன், காஸ், திசை வெக்டர். ஒரு முகத்தை நேர்க்குத்தாகத் தொடாமல் சாய்வாகத் தொட்டால் குண்டின் ஆரத்தை மெஷின் தப்பான திசையில் கழிக்கும். பரீட்சைக்காகப் படித்து மறந்த கணக்கு இங்கே சோறு போடுது.

நாலாவதுதான் சாஃப்ட்வேர். பிசி-டிமிஸ், கேலிப்ஸோ, எம்காஸ்மாஸ் என்று மெஷினுக்கு மெஷின் வேற. ஒண்ணை ஒழுங்காகக் கற்றால் அடுத்தது கொஞ்ச நாளில் வந்துவிடும் என்கிறான். கோர்ஸே வேணாம் என்று நான் சொல்லவில்லை. முதல் மூணும் கொஞ்சம் கைக்கு வந்தபிறகு போனால் நாற்பத்தைந்து நாளில் நிறைய எடுத்துக்கொண்டு வரலாம். இவனே ரெண்டாவது வருஷம் கம்பெனி செலவில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தான். அப்ரண்டிஸாகச் சேர வழி இருந்தால் அதையும் விட வேணாம். 1961லேயே அதற்குச் சட்டம் இருக்கு, உதவித்தொகையும் உண்டு. "கேரண்டி" என்று சொல்ற இடத்தில் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "பையன் கையில் பாகத்தைக் கொடுத்து மெஷினில் தனியாக எத்தனை மணி நேரம் விடுவீங்க?" பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளுங்க.

கஷ்டமும் சொல்லிடறேன். முதல் ரெண்டு வருஷம் சம்பளம் குறைவு. ஷிப்ட் உண்டு. வட சென்னையைச் சுற்றி இருந்த பட்டறைகள் குறைந்து, கார் கம்பெனிகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டதால் எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்குத் தினமும் நாலு மணி நேரம் பயணத்திலேயே போகுது. பாகம் சரியாக இருந்தால் யாரும் உங்களை நினைக்க மாட்டாங்க. தப்பாக இருந்தால் செஞ்சவனும் உங்களைத் திட்டுவான், அனுப்புகிறவனும் திட்டுவான். அதைத் தாங்குகிற பிள்ளைதானா என்று பெத்தவங்களுக்குத் தெரியும்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைங்க மூணு நாலு பேருக்கு இவன் டிராயிங் சொல்லித் தர்றான். காசு வாங்குறதில்லை. மாமா தன் பழைய ஃபிட்டர் பெட்டியைத் திறந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வெச்சிருந்த மைக்ரோமீட்டரை எடுத்துக் கொடுத்திருக்கார். கம்பெனி மூடின நாளிலிருந்து அந்தப் பெட்டியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அத்த அப்டி இறுக்காதடா, ராட்செட்ட திருப்பு" என்று பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் வளையல் அவள் கையிலேயே இருந்தது.

கிழக்கே மேகம் கட்டுது. களத்தில் வைக்கோல் மூடாமல் கிடக்கு, போய்ப் போர் போடணும். அடுத்த பதிவில் சொர்ணவாரி விதைநெல் பற்றி எழுதுறேன்.